விட்ட இடத்திலிருந்து வரைய: ஆட்டோகேட் திரும்பப் படிக்க எந்தப் புத்தகம்?

(விழுப்புரத்தில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இதுபோன்ற கூட்டங்களில் நாவல் பேசுகிறோம், கவிதை பேசுகிறோம், வரலாறு பேசுகிறோம். பிழைப்புக்காகப் படிக்கும் புத்தகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதைப் பயிற்சி மையம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். பிடிக்காத நாவலை வாங்கினால் பணம் போகும், அவ்வளவுதான். பொருந்தாத தொழில் புத்தகத்தை வாங்கினால் ஒரு மாதம் போகும். அதோடு, "இனி எனக்கு இது வராது" என்ற எண்ணமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த எண்ணத்தோடு வந்தவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். குறை அவர்களிடம் இல்லை, கையில் இருந்த புத்தகத்தில் இருந்தது.

யாருக்காகப் பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிதாகக் கற்கும் மாணவர்களுக்காக அல்ல. அவர்களுக்குக் காகுப்பத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது, திண்டிவனம் மேல்பாக்கத்தில் இன்னொன்று இருக்கிறது, ஐடிஐகள் இருக்கின்றன. ஆசிரியர் சொல்வதை வாங்கினால் போதும். என் கவனம், ஒரு காலத்தில் நன்றாக வரைந்து இடையில் விட்டவர்கள் மேல். டிப்ளமோ முடித்து ஓர் இன்ஜினியர் ஆபீசில் பிளான் போட்டுக்கொண்டிருந்து, கல்யாணம், குழந்தை என்று நின்றுபோன பெண்கள். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போய் சைட் சூப்பர்வைசராக இருந்து, ஊர் திரும்பி இங்கேயே ஒரு மேசை போட்டு உட்காரலாம் என்று நினைப்பவர்கள். டிராஃப்டரிலும் ஆர்.ஓ. பேனாவிலும் கை தேர்ந்து, கம்ப்யூட்டருக்கு மாறி, பிறகு பையன்களை வைத்து வேலை வாங்கிப் பழகி, பையன் நின்றுவிட்டதால் தானே மௌஸைப் பிடிக்க வேண்டி வந்த மூத்த டிராஃப்ட்ஸ்மேன்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சார், ரெஃபர் பண்ண ஒரு நல்ல புக் சொல்லுங்க."

என் பதில் கொஞ்சம் சுற்றி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். எதை மறந்திருக்கிறோம் என்பது தெரியாமல் எதை வாங்குவது? அங்கேதான் பெரும்பாலோர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். கட்டளைகளை மறந்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள். மென்பொருளைத் திறந்து உட்கார வைத்துப் பாருங்கள். லைனுக்கு எல், ஆஃப்செட்டுக்கு ஓ, டிரிம்முக்கு டிஆர், நேர்கோட்டுக்கு எஃப்8 என்று ஒரு மத்தியானத்துக்குள் விரல்கள் தாமாகவே போய்விடும். விரல் மறக்காது. மறந்திருப்பது வேறு.

ஒரு கணக்கைப் பாருங்கள். தரைத்தளப் பிளானை மில்லிமீட்டரில் முழு அளவில் வரைந்திருக்கிறீர்கள். 1:100 ஸ்கேலில் பிளாட் எடுக்க வேண்டும். "சமையலறை" என்ற எழுத்து தாளில் 2.5 மி.மீ. உயரத்தில் வர வேண்டும். மாடல் ஸ்பேஸில் அந்த எழுத்துக்கு என்ன உயரம் கொடுப்பீர்கள்? 250. ஸ்கேலை 1:50 ஆக்கினால்? 125. அடி அங்குலத்தில் வரைந்து, ஓர் அடிக்கு எட்டில் ஓர் அங்குலம் என்ற ஸ்கேலில் எடுத்தால் விகிதம் 1:96. தாளில் எட்டில் ஓர் அங்குல எழுத்து வேண்டுமென்றால், படத்தில் அது பன்னிரண்டு அங்குலம், அதாவது ஒரு முழு அடி. வரைவதை விட்டுச் சில வருடம் ஆனவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். எழுத்து எறும்பாக வரும், இல்லையென்றால் அறையை மீறி வெளியே நிற்கும். கையால் மாற்றி மாற்றிப் பார்த்து, ஒன்று சரியாக வந்ததும் அதோடு விட்டுவிடுவார்கள். அடுத்த படத்தில் அதே திண்டாட்டம்.

எழுத்து உயரங்களைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும்; எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. தரநிலைப்படி எழுத்து உயரங்கள் 2.5, 3.5, 5, 7, 10, 14, 20 மி.மீ. ஏன் இந்த விசித்திரமான எண்கள்? ஒன்றிலிருந்து அடுத்தது ஏறத்தாழ 1.4 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். ஏ வரிசைத் தாள்களின் நீள அகல விகிதமும் அதேதான். ஏ0 என்பது 841க்கு 1189 மி.மீ., ஏ1 என்பது 594க்கு 841, ஏ2 என்பது 420க்கு 594, ஏ3 என்பது 297க்கு 420. ஒரு படி இறங்கினால் பரப்பு பாதியாகும், நீளம் 1.4இல் ஒரு பங்காகும். ஆகவே ஏ1இல் 7 மி.மீ. ஆக இருந்த எழுத்து ஏ2இல் 5 ஆகும், ஏ3இல் 3.5 ஆகும், எல்லாம் தரநிலையில் இருக்கும் உயரங்களே. கோட்டுத் தடிமனும் அப்படித்தான்: 0.18, 0.25, 0.35, 0.5, 0.7, 1. பழைய ஆர்.ஓ. பேனாக்களின் முனை அளவுகள் நினைவிருக்கிறதா? அதே எண்கள். படத்தைச் சுருக்கினாலும் பெருக்கினாலும் ஒழுங்கு குலையக் கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். இது தெரிந்தவர் ஏ1 படத்தை ஏ3இல் எடுத்துக் கொடுக்கச் சொன்னால் பதற மாட்டார். இதை விளக்கும் ஆட்டோகேட் புத்தகம் அரிது; வரைபடப் புத்தகத்தில்தான் கிடைக்கும்.

இன்னும் இரண்டு உதாரணம். மேலே ஓடும் பீமை விட்டுவிட்டு வரும் கோட்டில் காட்ட லைன்டைப்பை மாற்றுகிறீர்கள். திரையில் அது முழுக்கோடாகவே தெரிகிறது. கோடு மாறியிருக்கிறது, இடைவெளிதான் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது. எல்டிஸ்கேலை ஏற்ற வேண்டும். அடுத்தது, நண்பர் கொடுத்த கதவு பிளாக்கைச் செருகுகிறீர்கள். வீட்டைவிடப் பெரிய கதவு வந்து நிற்கிறது, அல்லது புள்ளியாகக் காணாமல் போகிறது. அங்குலத்துக்கும் மில்லிமீட்டருக்கும் இடையில் உள்ள 25.4 என்ற எண் செய்யும் வேலை அது. யூனிட்ஸில் செருகும் அலகு என்ன என்று இரண்டு கோப்பிலும் பார்த்தால் தீர்ந்தது.

மறந்திருப்பது இவைதான். ஸ்கேல், எழுத்து, கோடு, அலகு, தாள். பாதி வரைபடக் கலையைச் சேர்ந்தது, பாதி மென்பொருளைச் சேர்ந்தது. அதனால்தான் ஒரே புத்தகத்தில் முழு விடையும் கிடைப்பதில்லை. நான் சொல்வது இதுதான்: இரண்டு புத்தகம் வேண்டும். ஒன்று வரைபடத்துக்கு, அதைப் புதிதாக வாங்குங்கள். மற்றொன்று மென்பொருளுக்கு, அதைப் பழைய புத்தகக் கடையில் வாங்குங்கள். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இந்த வருடப் பதிப்பு ஆட்டோகேட் புத்தகத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, வரைபடத் தரநிலையைக் கண்ணால் பார்க்காமலே காலத்தை ஓட்டுகிறார்கள்.

முதலில் வரைபடப் புத்தகம். இந்தியத் தரநிலை அமைப்பான பிஐஎஸ், பள்ளி கல்லூரிகளுக்கான பொறியியல் வரைபட நடைமுறை என்று எஸ்பி 46ஐ 1988இல் வெளியிட்டு, 2003இல் திருத்தியது. தாள் அளவு, கோட்டு வகை, எழுத்து, அளவு குறிப்பது, வெட்டுத் தோற்றம் எல்லாம் அதில் ஒரே இடத்தில் இருக்கிறது. நம் நாட்டில் ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை என்பதும் அதில்தான். அமெரிக்கப் புத்தகங்களில் தேர்ட் ஆங்கிள் வரும். பிளான் மேலே, எலிவேஷன் கீழே என்று இடம் மாறி உட்கார்ந்திருக்கும். மெக்கானிக்கல் துறையினருக்கு இது உயிர்நாடி. திண்டிவனம் சிப்காட்டிலோ ஒரகடத்திலோ வேலைக்குப் போகிறவர் தாளின் மூலையில் எந்த ஆங்கிள் முறை என்று காட்டும் கூம்புக் குறியைப் பார்க்காமல் வரையத் தொடங்கினால், துளை வலப்பக்கம் போவதற்குப் பதில் இடப்பக்கம் போகும்.

என்.டி. பட் எழுதிய "இன்ஜினியரிங் டிராயிங்" உங்களில் பலரிடம் இன்னும் பரணில் கிடக்கும். குஜராத்தில் ஆனந்த் நகரத்தின் சரோத்தர் பதிப்பகம் போட்டது, தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்படுவது. சென்னையில் வெளிவரும் கே.வி. நடராஜன் புத்தகமும், வேணுகோபால், பிரபு ராஜா இருவரும் சேர்ந்து எழுதியதும் நம் கல்லூரி முதலாண்டு மாணவர்கள் அறிந்தவை. மூன்றும் நல்லவை. ஆனால் வீட்டு பிளான் போடுகிறவருக்கு இவற்றில் கால்வாசிதான் பயன்படும். கூம்பை வெட்டினால் என்ன வளைவு வரும் என்பது அழகான பாடம். கோலியனூரில் ஒரு மூன்று படுக்கையறை வீட்டுக்கு அது தேவைப்படாது.

கட்டட வரைபடக்காரர்களுக்கு நான் சொல்வது ஐஎஸ் 962. கட்டடக்கலை, கட்டட வரைபடங்களுக்கான நடைமுறை விதி, 1989 பதிப்பு. சிறிய ஆவணம். பொருள்களுக்கான ஹேட்ச், கதவு ஜன்னல் குறியீடு, எந்தப் படம் எந்த ஸ்கேலில் என்பது போன்றவை. ஸ்ட்ரக்சுரல் டிராயிங் பக்கம் போகிறவர்களுக்கு எஸ்பி 34, கான்கிரீட் கம்பி டீட்டெயிலிங் கையேடு, 1987இல் வந்தது. கம்பியை எங்கே வளைப்பது, எங்கே நிறுத்துவது, படத்தில் எப்படி எழுதுவது என்பதைப் படம் போட்டுக் காட்டும். இந்தியத் தரநிலைகள் பலவற்றை இப்போது பிஐஎஸ் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இலவசமாகக் கிடைப்பதை நாம் மதிப்பதில்லை என்பது தனிக் கதை.

இனி மென்பொருள் புத்தகம். ஏன் பழையது போதும் என்கிறேன் என்றால், நீங்கள் நினைக்கும் அளவுக்கு ஆட்டோகேட் மாறவில்லை. 1982 டிசம்பரில் அது வெளிவந்தது. கணினித் திரையில் வரைவது என்ற யோசனை அதற்கும் முந்தியது. 1963இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் என்ற ஆய்வு மாணவர் ஸ்கெட்ச்பேட் என்ற நிரலில், ஒளிப்பேனாவால் திரையில் கோடு போட்டுக் காட்டினார். இரண்டு கோடுகள் இணையாக இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டால் இணையாகவே நிற்கும் வசதி அன்றைக்கே அதில் இருந்தது. அந்த வசதி ஆட்டோகேட்டுக்கு வந்து சேர்ந்தது 2010 பதிப்பில்! தொழில்நுட்பம் தலைதெறிக்க ஓடுகிறது என்று சொல்கிறவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு.

ஆட்டோகேட்டில் திரும்பி வருகிறவரைத் தடுமாற வைக்கும் மாற்றங்களை விரல்விட்டு எண்ணலாம். பேப்பர் ஸ்பேஸ் 1990இல் ரிலீஸ் 11இலேயே வந்துவிட்டது. லேயவுட் தாவல்கள் 2000 பதிப்பில் வந்தன. அதற்கு முன்னால் கற்றவர்கள் இன்னும் மாடல் ஸ்பேஸிலேயே பார்டர் போட்டு வரைந்துகொண்டிருப்பார்கள், தப்பில்லை. ஸ்கேலுக்கு ஏற்பத் தானே அளவு மாறும் அனொட்டேடிவ் எழுத்து 2008 பதிப்பில். மேலே பட்டையாக ரிப்பன் வந்தது 2009 பதிப்பில். பழைய டூல்பார் தோற்றத்துக்கு ஒரே சொடுக்கில் போகும் கிளாசிக் வசதியை 2015 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். ரிலீஸ் 14 காலத்து ஆள் இன்று உட்கார்ந்தால் மிரள்வது இந்த ரிப்பனைப் பார்த்துத்தான். பெரிய அதிர்ச்சி ஒன்று 2021 பதிப்பில்: டிரிம் கொடுத்தால் முன்போல வெட்டும் விளிம்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாமல், தொட்ட கோட்டை உடனே வெட்டிவிடும். கெட்டுப்போய்விட்டது என்று மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றியவர்களும் உண்டு. டிரிம்எக்ஸ்டெண்ட்மோட் என்று தட்டி 0 கொடுத்தால் பழைய டிரிம் திரும்பக் கிடைக்கும்.

இவ்வளவுதான். லைன், ஆஃப்செட், ஃபில்லட், ஹேட்ச், லேயர், பிளாக், எக்ஸ்ரெஃப் எல்லாம் அதே பெயரில், அதே வேலையைச் செய்கின்றன. ஆகவே 2009க்குப் பிறகு வந்த எந்தப் பதிப்புக்கான புத்தகமும் உங்கள் வேலைக்குப் போதும், ஒரு நிபந்தனையோடு. அது கட்டளையைப் பெயர் சொல்லி விளக்க வேண்டும். "இந்தப் படத்தைச் சொடுக்குக, பிறகு அந்தப் படத்தைச் சொடுக்குக" என்று திரைப் படங்களை ஒட்டிக் காட்டும் புத்தகம் அடுத்த பதிப்பிலேயே செத்துவிடும். பெயரையும், அது கேட்கும் கேள்விகளையும், ஏன் அப்படிக் கேட்கிறது என்பதையும் சொல்லும் புத்தகம் பத்துப் பதினைந்து வருடம் தாங்கும்.

கடையில் நின்றபடியே சோதிக்க வழி உண்டு. முன்னட்டையைப் பார்க்காதீர்கள், கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். அகரவரிசைச் சொல்லடைவு இருக்கிறதா? இல்லையென்றால் அங்கேயே வைத்துவிடுங்கள். அது பாடப்புத்தகமாக இருக்கலாம், ரெஃபரன்ஸ் ஆகாது. இருந்தால், எல்டிஸ்கேல், வியூபோர்ட், எக்ஸ்ரெஃப், பிளாட் ஸ்டைல் ஆகிய நான்கைத் தேடுங்கள். நான்கும் இருந்து, ஒவ்வொன்றும் கொண்டுபோய்விடும் பக்கத்தில் குறைந்தது ஒரு பத்தி விளக்கமும் இருந்தால் விலை கேட்கலாம். "சதுரம் வரைவது எப்படி" என்ற அத்தியாயம் எத்தனை பக்கம் என்றும் பாருங்கள். அது நீளமாக இருந்தால் உங்களுக்கான புத்தகம் அல்ல.

பெயர் சொல்லுங்கள் என்பீர்கள். ஜார்ஜ் ஓமுராவின் "மாஸ்டரிங் ஆட்டோகேட்" கட்டடப் பக்கம் இருப்பவர்களுக்கு நல்லது. ஓமுரா ஆர்க்கிடெக்ட், அடுக்குமாடி வீடு ஒன்றை முதலிலிருந்து முடிவு வரை வரையச் சொல்லிக் கற்பிக்கிறார். ஸ்கேல், லேயவுட் பற்றிய பகுதிகள் தெளிவானவை. ஆனால் ஆரம்பத்திலேயே குளியலறையில் தொட்டி வரையச் சொல்வார். விக்கிரவாண்டியில் யார் வீட்டில் குளியல் தொட்டி இருக்கிறது? அதைத் தாண்டிப் போங்கள். அந்த இடத்தில் இந்தியன் டாய்லெட்டும் வாஷ்பேசினும் போட்டுக்கொள்ளுங்கள். எலன் ஃபிங்கெல்ஸ்டைனின் "ஆட்டோகேட் பைபிள்" செங்கல் தடிமன். 2015 பதிப்பு பழைய கடைகளில் அகப்படும். முதலிலிருந்து படிக்க முடியாது, தேடிப் பார்க்க அதைவிட நல்லது இல்லை என்பது என் கருத்து. ஷாம் டிக்கூவின் புத்தகங்களில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் பயிற்சி இருக்கும்; மெக்கானிக்கல்காரர்களுக்குக் கை பழக ஏற்றவை. எல்லாவற்றையும் வாங்காதீர்கள். ஒன்று போதும்.

தமிழில் இல்லையா என்று கேட்கும் குரல் எனக்குக் கேட்கிறது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ்வழியில் தொடங்கியபோது இப்படிப்பட்ட ஒரு கையேடும் கூடவே வந்துவிடும் என்று நான் நம்பினேன். இன்னும் காத்திருக்கிறேன். இப்போதைக்கு இரண்டைச் சொல்லலாம். சென்னை கிண்டியில் நிமி என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. 1986இல் ஜெர்மன் உதவியோடு தொடங்கப்பட்டது. ஐடிஐ தொழிற்பிரிவுகளுக்குத் தியரி, பிராக்டிகல் என்று தனித்தனிப் புத்தகம் போடுகிறது. பல பிரிவுகளுக்குத் தமிழிலும் வருகின்றன. டிராஃப்ட்ஸ்மேன் சிவில், டிராஃப்ட்ஸ்மேன் மெக்கானிக்கல் இரண்டும் இரண்டாண்டுப் படிப்பு. அவற்றின் பிராக்டிகல் புத்தகம் இன்ஜினியர்கள் தொட்டுக்கூடப் பார்க்காதது. ஏனென்றால் அது "ஐடிஐ பையன்கள் புத்தகம்". இந்தச் சாதிப் பாகுபாட்டைத் தொழில்துறை எப்போது விடப்போகிறதோ தெரியவில்லை. செங்கல் அடுக்கு, அஸ்திவார வெட்டுத் தோற்றம், படிக்கட்டு என்று நம் நாட்டுக் கட்டடத்தை நம் நாட்டு முறையில் வரையச் சொல்லும் புத்தகம் அது. இரண்டாவது, கணியம் இணைய இதழ் வழியாக வந்த இரா. அசோகனின் எளிய தமிழ் நூல். கணினிவழி வடிவமைப்பு, உற்பத்தி, பகுப்பாய்வு மூன்றையும் கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டு அறிமுகம் செய்கிறது. கட்டளை தேட அது உதவாது. இந்தத் துறை இன்று எவ்வளவு விரிந்திருக்கிறது என்று ஒரு மாலையில் தெரிந்துகொள்ள உதவும்.

எந்தப் புத்தகத்திலும் இல்லாத சில விஷயங்கள் நம் ஊர் வேலையில் உண்டு. அவற்றுக்குச் சொந்தமாக ஒரு நோட்டுப் போட்டாக வேண்டும்.

கட்டுகிறவர் அடியில் பேசுகிறார். மேஸ்திரி அடி அங்குலத்தில் கயிறு கட்டுகிறார். ஒன்பது அங்குலச் சுவர், நாலரை அங்குலச் சுவர் என்பதுதான் சைட் பாஷை. அனுமதிக்குப் போகும் பிளான் மெட்ரிக்கில் இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மீட்டரில்தான் பேசுகின்றன. ஒன்பது அங்குலம் 230 மி.மீ. ஆகும், நாலரை 115 ஆகும். கணக்குப்படி 228.6, 114.3. இந்தச் சிறு வித்தியாசம் சுவருக்குச் சுவர் சேர்ந்துகொண்டே போய், மொத்த நீளத்தில் ஒத்துவராமல் நிற்கும். ஆகவே முதலிலேயே ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். மனைப்பரப்பு பத்திரத்தில் சென்ட்டில் இருக்கும், பட்டாவில் ஏரில் இருக்கும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு ஏர் 100 சதுர மீட்டர். இவையெல்லாம் மனையடி சாஸ்திரம் பார்த்து "உள்ளளவு பதினோரு அடி வரணும்" என்று வீட்டுக்காரர் சொல்வதற்கு முன்னாலேயே உள்ள சிக்கல்கள்.

புலப்படம், அதாவது எஃப்எம்பி, இன்னொன்று. எஃப்எம்பி ஸ்கெட்ச்சை வைத்து மனையை வரைய வேண்டும் என்றால், ஜி லைனைப் போட்டு, முக்கோணத்தின் இரண்டு முனைகளிலிருந்தும் பக்க நீளங்களை ஆரமாக வைத்து வட்டம் போட்டு, வெட்டும் புள்ளியைப் பிடித்து, பிறகு ஏணியில் உள்ள தூரங்களைக் குத்துக்கோட்டில் வைத்து எல்லையை இணைக்க வேண்டும். கோணமே தேவையில்லை. திண்டிவனத்தில் மனைப்பிரிவு வேலை செய்கிற எந்த டிராஃப்ட்ஸ்மேனுக்கும் இது தினசரி வேலை. அமெரிக்கப் புத்தகத்தில் இது எப்படி இருக்கும்?

தமிழ் எழுத்தும் தொல்லைதான். பழைய கோப்பில் பாமினியில் எழுதியிருப்பார்கள். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடக்கும். இனி எழுதுவதை யூனிகோடிலேயே எழுதுங்கள், ட்ரூடைப் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். எஸ்எச்எக்ஸ் வகையில் தமிழ் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையால் இந்த வேலைக்கு இன்னும் பொறுப்பு கூடியிருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு உரிமையாளரே சான்றளித்து இணையத்தில் அனுமதி வாங்கிவிடலாம். முன்பெல்லாம் பிளானில் பிழை இருந்தால் அலுவலகத்தில் யாராவது சிவப்பு மையில் சுழித்து அனுப்புவார்கள். இப்போது அந்தச் சுழி இல்லை. பக்க இடைவெளி தவறாக இருந்தால், சுவர் எழும்பிய பிறகுதான் தெரியவரும்.

    

மென்பொருள் வாங்கக் காசு இல்லையே என்பவர்களுக்கு. ஆட்டோகேட்டை ஒரே முறை பணம் கட்டி வாங்கி வைத்துக்கொள்ளும் வழியை அந்த நிறுவனம் 2016 தொடக்கத்தில் நிறுத்திவிட்டது, இப்போது சந்தாதான். மாணவர்களுக்கு இலவசம், அதில் தொழில் செய்யக் கூடாது. கிராக் போட்ட பதிப்பில்தான் பாதி ஊர் ஓடுகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோப்போடு சேர்ந்து என்னென்ன வைரஸ் வருகிறது என்பதும் தெரியும். இரு பரிமாணப் படத்துக்கு லிப்ரேகேட் இலவசம். முப்பரிமாணத்துக்கு ஃப்ரீகேட், அதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வந்தது. இவற்றில் பழகினால் நீங்கள் மறந்ததில் பெரும்பகுதி திரும்ப வந்துவிடும், ஏனென்றால் மறந்தது ஆட்டோகேட்டை அல்ல, வரைபடத்தை. வேலைக்குப் போகும் இடத்தில் ஆட்டோகேட்தான் கேட்பார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கட்டற்ற மென்பொருளில் சந்தேகம் கேட்க வேறு ஊருக்குப் போக வேண்டாம். விழுப்புரத்திலேயே குனு/லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகக் கற்றுத்தருகிறார்கள்.

புத்தகம் எங்கே கிடைக்கும்? வாங்குவதற்கு முன் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, நான் சொன்னவற்றில் கிடைப்பதைப் புரட்டிப் பாருங்கள். காலை ரயிலில் போனால் இரவு திரும்பிவிடலாம். பழைய புத்தகத்துக்குத் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை. சிடி கிழிந்த உறையோடு ஆட்டோகேட் புத்தகம் கிடைக்கும். சிடி இல்லையே என்று பேரம் பேசுங்கள். இருந்தாலும் அதைப் போட உங்கள் லேப்டாப்பில் இடம் இருக்காது.

பிடிஎஃப் போதாதா என்று இளையவர்கள் கேட்பார்கள். இரண்டு மானிட்டர் இருந்தால் போதும். நம்மில் பலருக்கு ஒரே திரைதான். பிடிஎஃப் திறந்தால் படம் மறையும், படத்தைத் திறந்தால் பிடிஎஃப் மறையும், இடையில் எந்தக் கோட்டை ஆஃப்செட் செய்துகொண்டிருந்தோம் என்பதே போய்விடும். தடித்த புத்தகத்தை மேசையில் இடது கைப் பக்கம் வையுங்கள், வலக்கை மௌஸில் இருக்கட்டும். ஐஎஸ் 962ஐ மட்டும் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொண்டால் மூடிக்கொள்ளாமல் விரிந்தே கிடக்கும். அதன் கடைசியில் வெள்ளைத்தாள் கொஞ்சம் சேர்த்துக் கோக்கச் சொல்லுங்கள். எழுத்து உயரக் கணக்கு, 25.4, டிரிம்எக்ஸ்டெண்ட்மோட், சென்ட், ஏர் எல்லாவற்றையும் அதிலேயே எழுதிக்கொள்ளலாம்.

இனி நீங்கள் கேட்கலாம்.